காலம் கடந்த காவலன்

சீன நாட்டின் வடமேற்கே, மஞ்சளாற்றின் கரையில் அமைந்த நகரம் லான்சோ. அங்குள்ள கால்நடை மருத்துவ ஆராய்ச்சி நிலையத்தில் 2019-ஆம் ஆண்டு நவம்பர் இறுதியில் மாணவர் சிலருடைய இரத்தத்தைச் சோதித்தார்கள். புருசெல்லா என்னும் கிருமி உடலில் புகுந்ததற்கு அடையாளமான எதிர்ப்பொருள்கள் அதில் காணப்பட்டன. உடனே மற்றவர்களையும் சோதித்தார்கள். டிசம்பர் இறுதிக்குள் அந்த நிலையத்தில் மட்டும் 181 பேருக்கு அதே முடிவு வந்தது. சோதனையை நகர மக்களுக்கும் விரிவாக்கியபோது, 2020 செப்டம்பரில் இந்த எண்ணிக்கை 3,245 ஆயிற்று. அவ்வாண்டு முடிவதற்குள் பத்தாயிரத்தையும் தாண்டிவிட்டது.

கிருமி எங்கிருந்து வந்தது? ஆராய்ச்சி நிலையத்துக்கு அருகே கால்நடைகளுக்கான தடுப்பு மருந்து செய்யும் ஆலை ஒன்று இருந்தது. 2019 ஜூலை 24 முதல் ஆகஸ்டு 20 வரை, புருசெல்லா தடுப்பு மருந்து தயாரித்தபோது, அந்த ஆலையில் காலாவதியான கிருமிநாசினி பயன்படுத்தப்பட்டது என அரசு விசாரணையில் தெரிய வந்தது. தொட்டியிலிருந்து வெளியேறிய கழிவுக் காற்றில் இருந்த கிருமிகள் முழுமையாகச் சாகவில்லை. அந்த நாட்களில் பெரும்பாலும் தென்கிழக்குக் காற்று வீசியது. ஆராய்ச்சி நிலையம் அக்காற்றின் வழியில் இருந்தது.

ஆலையில் தீ விபத்து நிகழவில்லை; எதுவும் வெடிக்கவில்லை; சங்கும் ஊதவில்லை. நான்கு வாரங்கள் ஆலை வழக்கம்போல ஓடியது. காவலுக்கு வைத்த திரவம் தன் வேலையைச் செய்யவில்லை என்பது நோய் வெளிப்பட்ட பிறகே தெரிந்தது.

உயிர்த்தொழில்நுட்ப ஆலைகளில் சுற்றுச்சூழல், தொழிலாளர் உடல்நலம், பணியிடப் பாதுகாப்பு ஆகிய மூன்றையும் கவனிக்கத் தனிப் பிரிவு ஒன்று இருக்கும். 'பௌதிகம் படித்த எனக்கு அங்கே வேலை உண்டா?' என்று என் வகுப்பு மாணவர் ஒருவர் கேட்டார். அக்கேள்விக்கு விடையாகவே இக்கட்டுரையை எழுதுகிறேன்.

தொட்டிக்குள் நடப்பது என்ன?

புருசெல்லா ஆடு, மாடு, பன்றி முதலியவற்றைத் தாக்கும் கிருமி. மனிதருக்கும் தொற்றும். விட்டு விட்டு வரும் காய்ச்சல், மூட்டுவலி, களைப்பு, வியர்வை ஆகியவை இந்நோயின் குறிகள். மாதக்கணக்கில் இழுத்தடிக்கக்கூடிய நோய் இது. டேவிட் புரூஸ் என்ற மருத்துவர் 1887-இல் மால்ட்டா தீவில் இக்கிருமியைக் கண்டறிந்தார். கால்நடைகளுக்கு இதற்கான தடுப்பு மருந்தை, வீரியம் குறைக்கப்பட்ட உயிருள்ள கிருமிகளைக் கொண்டே செய்கிறார்கள். ஆட்டையும் மாட்டையும் காக்கும் அந்தக் கிருமி மனிதரின் உடலில் புகுந்தால் நோய் தரக்கூடும்.

கிருமிகளைப் பெருமளவில் வளர்க்கப் பெரிய எஃகுத் தொட்டிகள் உள்ளன. ஊட்டச்சத்துக் கரைசலை நிரப்பி, அடியிலிருந்து காற்றைச் செலுத்துவார்கள். காற்றில் வளரும் நுண்ணுயிரிகளுக்கு நிமிடந்தோறும் தொட்டியின் கொள்ளளவுக்கு ஏறத்தாழச் சமமான காற்றைச் செலுத்துவது உண்டு. ஆயிரம் லிட்டர் தொட்டியானால் நிமிடத்துக்கு ஆயிரம் லிட்டர் காற்று உள்ளே போகிறது. உள்ளே போன காற்று வெளியே வந்தாக வேண்டும் அல்லவா?

வெளிவரும் காற்று வெறும் காற்றாக வருவதில்லை. கொதிக்கும் ரசத்தின் மேற்பரப்பில் குமிழிகள் உடையும்போது கையில் சுரீரென்று துளி தெறிப்பதை அறிவீர்கள். தொட்டியிலும் இதுவே நிகழ்கிறது. ஒவ்வொரு குமிழியும் உடையும்போது கண்ணுக்குத் தெரியாத நுண்துளிகளை மேலே எறிகிறது. துளியின் நீர் நொடிப்பொழுதில் ஆவியாகிறது. எஞ்சுவது கிருமியும் சிறிது உப்பும் சேர்ந்த துகள். இத்துகள்கள் மிதக்கும் காற்றைத் தூசிப்படலம் எனலாம். சமையலறையில் மிளகாய் வற்றலைத் தாளித்தால் கூடத்தில் இருப்பவர் தும்முகிறாரே, அதுவும் இத்தகைய படலத்தின் வேலைதான்.

துகள் ஏன் கீழே விழுவதில்லை?

காற்றைவிட அடர்த்தி மிகுந்த பொருள் கீழே விழத்தானே வேண்டும்? விழத்தான் செய்கிறது; ஆனால் எவ்வளவு வேகத்தில்? காற்றின் பிசுக்குமை துகளைத் தடுக்கிறது. மிகச் சிறிய துகளின் விழும் வேகம் விட்டத்தின் இருமடிக்கு ஏற்ப அமையும் என்பது ஸ்டோக்ஸ் விதி. விட்டம் பத்தில் ஒரு பங்கானால் வேகம் ஏறத்தாழ நூறில் ஒரு பங்காகிவிடும்.

ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரான். நம் மூக்கின் உயரம் தரையிலிருந்து ஒன்றரை மீட்டர் என்று கொள்வோம். 100 மைக்ரான் துளி அந்த உயரத்திலிருந்து ஏறத்தாழ 6 விநாடிகளில் தரையைத் தொடும். 10 மைக்ரான் துளிக்கு 8 நிமிடங்கள் ஆகும். 1 மைக்ரான் துகளுக்கோ அசைவற்ற காற்றிலும் 12 மணி நேரம் ஆகும்! புருசெல்லாவின் நீளமே ஏறத்தாழ 1 மைக்ரான்தான்.

மணிக்கு 7 கிலோமீட்டர் வேகத்தில் மெல்லிய காற்று வீசினால், அந்தப் பன்னிரண்டு மணி நேரத்தில் துகள் 80 கிலோமீட்டருக்கு மேல் பயணம் செய்துவிடும். வெயிலும் வறட்சியும் வழியிலேயே பல கிருமிகளைக் கொன்றுவிடும். காற்றில் கலந்து அவை நீர்த்தும் போகும். எனவே அவ்வளவு தூரமும் நோய் பரவும் என்று கொள்ள வேண்டியதில்லை. ஆனால் பக்கத்துக் கட்டடம் என்பது அத்துகளுக்குத் தூரமே அல்ல என்பது விளங்கும். மூச்சுடன் உள்ளே போன புருசெல்லா கிருமிகள் பத்து முதல் நூறு வரை இருந்தாலே நோய் தொற்றப் போதும். எனவே, கழிவுக் காற்று ஆலையை விட்டு வெளியேறும் வாயிலிலேயே கிருமியை அழித்துவிட வேண்டும்.

பாதி மருந்து தந்தால் பாதிப் பாதுகாப்பா?

காலாவதியான கிருமிநாசினி என்றதும், 'முழுப் பலன் இல்லாவிட்டாலும் ஓரளவு பலன் இருந்திருக்குமே!' என்று தோன்றலாம். இங்கேதான் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும்.

கிருமிநாசினி கிருமிகள் எல்லாவற்றையும் ஒரே நொடியில் கொல்வதில்லை. கதிரியக்கப் பொருள் சிதைவதுபோல, சம கால இடைவெளிகளில் சம விகிதத்தில் கொல்கிறது. நல்ல மருந்து ஒன்று நிமிடத்துக்குப் பத்தில் ஒன்பது பங்கைக் கொல்வதாக வைத்துக்கொள்வோம். தொடக்கத்தில் 100 கோடிக் கிருமிகள் உள்ளன. முதல் நிமிட முடிவில் 10 கோடி மிஞ்சும். இரண்டாவது நிமிட முடிவில் 1 கோடி. ஒன்பது நிமிடங்களில் ஒரே ஒரு கிருமி மிஞ்சும்.

இப்போது மருந்து பழையதாகி, கொல்லும் வேகம் மூன்றில் ஒரு பங்காகக் குறைந்துவிட்டது என்போம். பத்தில் ஒன்பது பங்கைக் கொல்ல அதற்கு மூன்று நிமிடங்கள் தேவைப்படும். அதே ஒன்பது நிமிடங்களில் மும்முறைதான் பத்தில் ஒரு பங்காகக் குறையும். மிஞ்சுவது எத்தனை? பத்து இலட்சம்! நியாயமாக மூன்று மிஞ்ச வேண்டும் என்று நம் மனம் சொல்கிறது. கணக்கோ பத்து இலட்சம் என்கிறது.

இன்னொன்றையும் கவனியுங்கள். இந்தப் பழைய மருந்தும் நூற்றுக்கு 99.9 பங்கு கிருமிகளைக் கொன்றுவிட்டது. தேர்வில் இது சிறந்த மதிப்பெண். ஆலையிலோ இது படுதோல்வி. மருந்தின் நிறமும் மணமும் மாறாமல் இருக்கலாம். அளந்தால்தான் வேறுபாடு தெரியும். வீட்டில் வெள்ளைத் துணிக்குப் போடும் சலவைக் குளோரின் கரைசலை வெயில் படும் இடத்தில் சில மாதங்கள் வைத்துப் பாருங்கள். பார்வைக்கு அப்படியே இருக்கும். குளோரின் வீரியம் குறைந்திருக்கும். புட்டியின் மேல் அச்சிட்ட தேதி வெறும் வணிகச் சடங்கு அல்ல. 'இந்த நாளுக்குப் பின் என் வலிமைக்கு நான் பொறுப்பல்ல' என்று மருந்தே தரும் வாக்குமூலம் அது.

ஆகவே பாதுகாப்புப் பிரிவின் தலைவர் நாள்தோறும் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: 'இது வேலை செய்கிறது என்பது எப்படித் தெரியும்?' இக்கேள்வியை ஆலையின் வேறு மூன்று சாதனங்களிடமும் கேட்டுப் பார்ப்போம்.

வடிகட்டி சல்லடை அல்ல

ஆபத்தான கிருமிகளைக் கையாளும் அறைகளில் காற்றை நுண்வடிகட்டியின் வழியே வெளியேற்றுவார்கள். கண்ணாடி இழைகளைக் காகிதம்போல் அழுத்தி, மடிப்பு மடிப்பாக வைத்துச் செய்தது அது. 0.3 மைக்ரான் துகள்களில் நூற்றுக்கு 99.97 பங்கைப் பிடிக்கும். 0.3 என்ற எண் ஏன் வந்தது? அதைவிடச் சிறிய துகள்கள் இன்னும் எளிதில் தப்பிவிடாதா?

தப்பா என்பதே வியப்பு. இழைகளுக்கு இடையேயுள்ள வெளி கிருமியைவிடப் பெரியது. ஆகவே இது மாவு சலிக்கும் சல்லடையைப் போல வேலை செய்வதில்லை. பெரிய துகள் தன் நிலைமத்தால் காற்றோட்டத்துடன் வளைய முடியாமல் இழையில் போய் மோதி ஒட்டிக்கொள்கிறது. திருப்பத்தில் வேகமாக வரும் மிதிவண்டி வேலியில் மோதுவது போன்றது இது. மிகச் சிறிய துகளோ காற்று மூலக்கூறுகளின் இடியால் பிரௌனியன் இயக்கத்தில் தள்ளாடித் தள்ளாடி இழையைத் தொட்டுவிடுகிறது. இரண்டுக்கும் நடுவே, நிலைமமும் போதாமல் தள்ளாட்டமும் போதாமல் இருப்பது ஏறத்தாழ 0.3 மைக்ரான் துகள். தப்புவதில் வல்லவன் அவன்தான். அவனைப் பிடித்தால் மற்றவர்கள் தாமே அகப்படுவார்கள். அதனால்தான் சோதனைக்கு அவனைத் தேர்ந்தெடுத்தார்கள்.

வடிகட்டியின் ஓரத்தில் ஒட்டுப்பசை விட்டு, குண்டூசி நுழையும் அளவுக்கு இடைவெளி ஏற்பட்டால் என்ன ஆகும்? விசிறி ஓடும், காற்றும் வீசும், குறை இருப்பதே தெரியாது. எனவே ஆண்டுக்கு ஒரு முறையேனும், வடிகட்டியின் ஒரு புறம் எண்ணெய்த் துகள் புகையைச் செலுத்தி, மறுபுறம் கருவியால் ஓர் அங்குலம் விடாமல் தடவிப் பார்க்கிறார்கள்.

பொய் சொல்லும் அழுத்தமானி

ஆலையின் கழிவுகளைக் கிருமி நீக்கப் பயன்படும் 'ஆட்டோகிளேவ்' நம் வீட்டுப் பிரஷர் குக்கரின் பெரிய அண்ணன். வளிமண்டல அழுத்தத்தைப்போல் இரு மடங்கு அழுத்தத்தில் நீராவியின் வெப்பநிலை 121 டிகிரி சென்டிகிரேடு. அந்த வெப்பத்தில் 15 நிமிடம் முதல் அரை மணி வரை வைத்தால் கடினமான கிருமி வித்துகளும் சாகும்.

உள்ளே இருந்த காற்று முழுவதும் வெளியேறாவிட்டால் என்ன நேரும்? டால்ட்டனின் பகுதி அழுத்த விதியை நினைவுகூர்வோம். மொத்த அழுத்தம் இரண்டு வளிமண்டலம். அதில் பாதி காற்றினுடையதானால் நீராவியின் பங்கு ஒரு வளிமண்டலம் மட்டுமே. அதற்குரிய வெப்பநிலை 100 டிகிரிதான். அழுத்தமானியின் முள்ளோ இரண்டில் நிற்கும்! முள்ளை மட்டும் நம்பியவர் சாகாத வித்துகளைக் குப்பைத் தொட்டிக்கு அனுப்பிவிடுவார்.

இதைக் கண்டுபிடிக்க ஓர் அழகான முறை உண்டு. வெப்பத்தை மிகவும் தாங்கும் ஒருவகைத் தீங்கற்ற பாக்டீரியாவின் வித்துகளைச் சிறு தாளில் தடவி, மூட்டையின் நடுவே வைத்து வேக வைப்பார்கள். பிறகு அத்தாளை ஊட்டக் கரைசலில் இட்டு இளஞ்சூட்டில் வைப்பார்கள். கரைசல் கலங்கினால் வித்துகள் பிழைத்துவிட்டன என்று பொருள். அன்றைய கழிவு முழுவதையும் மீண்டும் வேக வைக்க வேண்டும். இங்கே சாட்சி சொல்வது எந்திரம் அன்று, உயிர்.

மணமில்லாத ஆபத்து

இந்த ஆலைகளில் கிருமி மட்டுமே எதிரி என்று எண்ணிவிடக் கூடாது. உயிரணுக்களை நெடுங்காலம் சேமிக்கத் திரவ நைட்ரசனைப் பயன்படுத்துகிறார்கள். அதன் வெப்பநிலை சுழிக்குக் கீழே 196 டிகிரி. தோலில் பட்டால் தீப்புண் போன்ற புண் உண்டாகும். அதைவிடப் பெரிய ஆபத்து வேறு: ஒரு லிட்டர் திரவம் ஆவியானால் ஏறத்தாழ 700 லிட்டர் வாயு ஆகிறது.

4 மீட்டர் நீளம், 3 மீட்டர் அகலம், 3 மீட்டர் உயரம் கொண்ட அறையின் கொள்ளளவு 36 கன மீட்டர். அங்கே 20 லிட்டர் திரவம் கொட்டினால் 14 கன மீட்டர் நைட்ரசன் உண்டாகும். அது அவ்வளவு காற்றை வெளியே தள்ளிவிட்டால், பிராணவாயு 21 விழுக்காட்டிலிருந்து 13 விழுக்காட்டுக்கு இறங்கிவிடும். 19.5-க்குக் கீழே போனாலே அதைப் பணிக்கு ஏற்ற காற்றாகக் கருதுவதில்லை. பத்துக்குக் கீழே போனால் நினைவு தப்பும்.

மூச்சுத் திணறினால் ஓடிவிடலாமே என்கிறீர்களா? திணறாது! மூச்சுத் திணறும் உணர்வை நமக்கு முதன்மையாகத் தருவது உடலில் கரியமில வாயு சேர்வதே. நைட்ரசனைச் சுவாசிக்கும்போதும் கரியமில வாயு வழக்கம்போல் வெளியேறிவிடுகிறது. ஆகவே எச்சரிக்கை ஏதும் இன்றி மனிதர் சரிந்து விழுவார். தூக்கப் போன நண்பரும் அருகிலேயே விழுவார். காற்றோட்டமும், பிராணவாயுவை அளந்து மணி அடிக்கும் கருவியும், அந்த மணி வேலை செய்கிறதா என்று பார்ப்பவரும் இதனால்தான் தேவைப்படுகிறார்கள்.

ஐந்து படிகள்

ஆபத்தைக் கட்டுப்படுத்துவதற்குத் தொழிற்பாதுகாப்பு அறிஞர்கள் ஐந்து படிகளை வகுத்திருக்கிறார்கள். முதலாவது, ஆபத்தை அடியோடு நீக்குதல். இரண்டாவது, கொடியதற்குப் பதில் எளியதை வைத்தல். நோய் தரும் கிருமி இனத்துக்குப் பதில் தீங்கற்ற இனத்தைப் பயன்படுத்துவது ஓர் எடுத்துக்காட்டு. மூன்றாவது, ஆபத்துக்கும் மனிதருக்கும் இடையே எந்திரத் தடுப்பை நிறுத்துதல். மூடிய தொட்டி, வடிகட்டி, காற்று எப்போதும் உள்நோக்கியே பாயும் அறை ஆகியவை இவ்வகை. நான்காவது, விதிமுறையும் பயிற்சியும். ஐந்தாவது, கையுறை, முகமூடி, கண்ணாடி.

நாம் பெரும்பாலும் ஐந்தாவதிலிருந்தே தொடங்குகிறோம். முகமூடி மாட்டிய தொழிலாளியின் படத்தைச் சுவரில் ஒட்டிவிட்டால் பாதுகாப்பு வந்துவிட்டதாக நினைக்கிறோம். ஆனால் முகமூடி அணிந்தவரை மட்டுமே காக்கும். மதிலுக்கு அப்பால் மூச்சு விடுபவருக்கு யார் முகமூடி தருவது? லான்சோவில் முதலில் அகப்பட்டவர்கள் அப்படி அப்பால் இருந்தவர்களே. பணியிடப் பாதுகாப்பும் சுற்றுச்சூழல் நலமும் ஒரே பிரிவின் கீழ் இருக்க வேண்டியதன் காரணம் இதுவே.

தலைமை என்பது என்ன?

நம் நாட்டில், சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் 1989-இல் வகுக்கப்பட்ட விதிகளின்படி, மரபணு மாற்றிய நுண்ணுயிரிகளைக் கையாளும் நிறுவனம் தனக்கென்று ஓர் உயிர்ப்பாதுகாப்புக் குழுவை அமைக்க வேண்டும். மருத்துவம் கற்ற ஒருவரும், அரசின் உயிர்த்தொழில்நுட்பத் துறை நியமிக்கும் ஒருவரும் அதில் இருக்க வேண்டும். குழு அமைப்பது எளிது. அதை உயிருடன் வைத்திருப்பதே தலைவரின் வேலை.

அவருக்கு மூன்று உரிமைகள் தேவை. சந்தேகம் எழுந்தால் உற்பத்தியை நிறுத்தும் உரிமை முதலாவது. காலாவதியான புட்டியைக் கண்ட இளநிலைத் தொழிலாளி, 'மேலதிகாரி கோபிப்பாரோ' என்று அஞ்சாமல் வந்து சொல்லும்படி அவரைக் காக்கும் உரிமை இரண்டாவது. நூலிழையில் தப்பிய நிகழ்ச்சிகளைத் தண்டனையின்றிப் பதிவு செய்யும் ஆலையில்தான் பெரிய விபத்தை முன்கூட்டி அறிய முடியும். மூன்றாவது, பணியாளர்களின் உடல்நலத்தைத் தொடர்ந்து கண்காணிக்கும் உரிமை. வேலையில் சேரும் நாளிலேயே இரத்த மாதிரி எடுத்து உறைநிலையில் வைத்தால், பின்னாளில் நோய் வந்தபோது அது எப்போது தொற்றியது என்று ஒப்பிட்டுப் பார்க்கலாம். லான்சோவில் கிருமி கசிந்தது ஜூலை, ஆகஸ்டில், வெளிப்பட்டதோ நவம்பரில். அந்த இடைவெளியைச் சுருக்குவதும் பாதுகாப்பே.

இந்த வேலையில் புகழ் கிடையாது. அது சரியாக நடந்தால் எதுவும் நடக்காது. நடக்காத நிகழ்ச்சிக்கு யார் மாலை போடுவார்கள்? செலவைக் குறைக்க எண்ணும் நிர்வாகத்தின் கண்ணில் முதலில் படுவதும் இந்தப் பிரிவுதான்.

கேள்வி கேட்ட மாணவருக்கு இப்போது விடை சொல்லலாம். ஸ்டோக்ஸ் விதியும், பகுதி அழுத்த விதியும், பிரௌனியன் இயக்கமும் தேர்வுக்கு மட்டும் உரியவை அல்ல. அவற்றை அறிந்தவருக்கு அங்கே வேலை உண்டு.

இதை எழுதி முடித்த மறுநாள், எங்கள் கல்லூரிப் பௌதிக ஆய்வகத்தின் வாயிலில் தொங்கும் தீயணைப்புக் கருவியின் அருகே நின்றேன். பல ஆண்டுகளாக நாள்தோறும் அதைக் கடந்து செல்பவன் நான். முள் பச்சைப் பகுதியில்தான் நின்றது. கழுத்தில் கட்டியிருந்த அட்டையைத் திருப்பிப் பார்த்தேன். மறு சோதனை செய்ய வேண்டிய தேதி கடந்து ஓராண்டுக்கு மேல் ஆகியிருந்தது. துறைத் தலைவரிடம் சொல்லிப் புதிதாக நிரப்பச் செய்தோம். மாதத்தின் முதல் திங்களன்று அட்டையைப் பார்த்துக் கையெழுத்திடும் பொறுப்பை இப்போது மாணவர்கள் முறைவைத்து ஏற்றிருக்கிறார்கள். உங்கள் பள்ளியிலும் பணியிடத்திலும் அப்படியோர் அட்டை தொங்கிக்கொண்டிருக்கும். நாளை அதைத் திருப்பிப் பாருங்கள்.